முழங்கைக் கண்

ஒரே ஒரு ஈச்சமரத்தைப் பார்ப்பதற்கு ஒரு மனிதனுக்கு எத்தனை கண்கள் வேண்டும்?

மத்திகிரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் திம்மராயனுக்கு ஏழு வேண்டியிருந்தது. காலையில் வாடகை வண்டிகளுக்குக் காற்றடித்து வரிசையாக நிறுத்தியதும் கடையின் பின்பக்கம் போய்விடுவார். அங்கே சவுக்குக் கழிகள் மூன்றைச் சேர்த்துக் கட்டிய முக்காலியின்மேல் மூன்றடி நீளப் பித்தளைத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மண்டியிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு பர்லாங்கு தள்ளி நிற்கும் ஈச்சமரத்தைப் பார்ப்பார். அதில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். எண்ணுவார். எண்ணி முடித்ததும், கண் வைக்கும் முனையில் செருகியிருக்கும் சிறு குழலைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகி மறுபடியும் எண்ணுவார். மரம் அதேதான். கூடுகளும் அவைதான்.

அந்தச் சிறு குழலைப் பெங்களூர்ப் பழைய சாமான் கடைக்காரர்கள் ஐபீஸ் என்பார்கள். திம்மராயன் 'கண்' என்கிறார். முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடி உருவத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதில் எவ்வளவு பார்ப்பது, எவ்வளவு பெரிதாகப் பார்ப்பது என்பதைக் கண்தான் தீர்மானிக்கிறது. இதற்கு அங்குலக் கணக்கு உண்டு. அது அவருக்குத் தெரியாது. குருவிக்கூடுதான் அவருடைய அளவுகோல். முழு மரத்தையும் காட்டுவது ஒன்பது கூட்டுக் கண். இரண்டு கூடுகளை மட்டும் காட்டுவது இரண்டு கூட்டுக் கண்; அதில் கூட்டின் நார் தனித்தனியாகத் தெரியும், ஆனால் மங்கலாக இருக்கும், சாலையில் லாரி போனால் மரமே நடுங்கும். நெருங்க நெருங்கக் குறைவாகத்தான் தெரிகிறது என்பதை அவர் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டவர். இருந்தும் நிறுத்தவில்லை.

"ஒம்பதுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணுமில்லீங்க. படிக்கட்டுல ரெண்டு படியைப் பேத்து எடுத்தாப்பல இருக்குது" என்று பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம் இரண்டு வருஷம் புலம்பினார். ஆறு கூட்டுக் கண் கிடைத்த அன்று கடைக்கு அரை நாள் விடுமுறை விட்டார்.

நிலாவைப் பார்ப்பதில்லையா என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: "அது நவுந்துகிட்டே இருக்குது. மரம் நிக்குது."

இளவயதில் சர்வே இலாகாவில் கலாசியாக இருந்தார். பதினோரு வருஷம் கிருஷ்ணகிரி மலைகளின்மேல் அளவைக் கருவியைத் தலையில் சுமந்து ஏறினார். கண் வைத்துப் பார்த்தது சர்வேயர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்தத் தொலைநோக்கியை ஒரே கண்ணோடு எடுத்தார். மற்றவை ஒவ்வொன்றாக, பெங்களூரில் பட்டாளத்துக் கழிவுச் சாமான்கள் விற்கும் இடத்தில் பொறுக்கியவை. ஒன்றின் பருமன் இன்னொன்றுக்கு இராது. சைக்கிள் பம்பின் உருளையை அறுத்து, உள்ளே டியூப் ரப்பரைச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே குழாய்க்குப் பொருந்த வைத்தார். வைப்பதற்கு ஒரு மரப்பெட்டி செய்தார். கையில் ஒரே கண் இருந்தபோதே அதில் ஏழு குழிகள் தோண்டிவிட்டார். ஏன் ஏழு? "பலகை அவ்வளவுதான் இருந்துச்சு."

எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர்களுக்கு அவர் பழைய தலைவலி. பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸில், மடியில் பித்தளைக் குப்பி மாதிரி எதையோ துணியில் சுற்றி வைத்திருக்கும் ஆளை எப்படி விடுவது? ஒரு முறை ஒரு கான்ஸ்டபிள் திருகித் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "எத்தனை அவுன்ஸ் புடிக்கும்?" என்று கேட்டார்.

"ஆறு கூடு புடிக்குமுங்க" என்றார் திம்மராயன். பஸ் அரை மணி தாமதமாகப் புறப்பட்டது.

இதை ஞானத் தேடல் என்று உயர்த்த வேண்டியதில்லை. வேண்டும் என்பதும் போதாது என்பதும் சேர்ந்த சாதாரண ஆசைதான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஆறு கண்களும் உலகத்தைத் தலைகீழாகவே காட்டின. அதை அவர் மறைத்ததில்லை. ஈச்சமரத்துக்கு அப்பால் சரிவில் கிருஷ்ணப்ப கவுடரின் முசுக்கொட்டைத் தோட்டம். பட்டுப்புழுவுக்கு இலை வளர்க்கும் தோட்டம் அது. கவுடர் ஒரு நாள் கண் வைத்துப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். "என்னய்யா, என் ஆளுங்களை வௌவாலாட்டம் தொங்கவிட்டிருக்கே?"

"தொங்கினாலும் கூடு ஒம்பதுதானுங்களே கவுடரே."

ஏழாவது கண் போன வருஷம் மழைக்காலத்தில் வந்தது. நேர்க்குழல் அல்ல, முழங்கைபோல் மடங்கி, மடிப்பில் ஒரு முக்கோணக் கண்ணாடிக் கட்டி வைத்தது. மண்டியிட வேண்டாம், நின்றபடியே குனிந்தால் போதும். குனிந்தவர் கத்திவிட்டார். மரம் நேராக நின்றது. வேர் கீழே, ஓலை மேலே.

"நாராயணம்மா! ஓடி வா, நேரா நிக்குது!"

அவர் மனைவி நாராயணம்மா களி கிண்டிய துடுப்போடு வந்து பார்த்தாள். "எனக்கு வெறுங்கண்ணுலயே நேராத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று ஏழாவது குழியில் அதை வைத்து, பெட்டியை மூடி, மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "போதும்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாராயணம்மா கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை, தூறல். முழங்கைக் கண்ணில் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், தோட்டத்தின் ஒதுக்குப்புற மூலையில் ஓர் ஆள் இலை அறுப்பதைக் கண்டார். கோணிப்பையைத் தலைக்கு மாட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. அரிவாள் இடது கையில் இருந்தது. அறுத்ததைக் கட்டி, தோட்டத்து வழியில் வராமல் வேலி தாண்டிப் போனான். புழு கடைசித் தீனி தின்னும் சமயம். ஒரு கட்டு இலைக்கும் அடிதடி நடக்கும் நாட்கள்.

டீக்கடையில் சொன்னார். காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அல்ல. "தோட்டத்து மூலையில ஒருத்தன் எலை திருடறான், அவன் எந்தக் கையில அறுக்கறான்னுகூடத் தெரியுதப்பா! நொட்டாங்கை!" புதுக்கண்ணின் பெருமைதான் அத்தனையும். சாயங்காலத்துக்குள் பேச்சு கவுடரின் காதுக்குப் போயிற்று.

தோட்டத்தில் நாற்பது ஆட்கள். அவர்களில் இடதுகைக்காரன் ஒருவன்தான், ராஜப்பன். தலைமுறையாக அந்த நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவன் அரிவாளைக் கொல்லர் தனியாக வளைத்துக் கொடுத்திருந்தார். கொட்டகையில் அது தனி ஆணியில் தொங்கும். "அன்னிக்கு நான் வேலைக்கே வரலீங்க, ஊட்டுல காய்ச்சலாப் படுத்திருந்தேன்" என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. "திம்மராயனோட புதுக்கண்ணு நேராக் காட்டுதாம்டா" என்றார் கவுடர். இரண்டு நாளில் தோட்டத்துக் குடிசையைக் காலி செய்துகொண்டு, மனைவி செல்வம்மாளோடு அவள் ஊரான சாமல்பட்டிக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து, திம்மராயன் சும்மா இருக்காமல் குழாயைச் சாலைப் பக்கம் திருப்பினார். தேன்கனிக்கோட்டை பஸ் வந்தது. நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படிக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுத்துகள் நேராகத்தான் நின்றன. ஆனால் கடைசி எழுத்து முதலில் வந்தது. ஒவ்வொன்றும் முதுகைக் காட்டியது.

அடுத்து வந்த பஸ்ஸிலும் அப்படியே இருந்தது. பிறகு நாராயணம்மாவை ஈச்சமரத்தடிக்குப் போய் ஆட்டுக்குப் புல் அறுத்துவரச் சொன்னார். கண்ணில் பார்த்தார். அவள் இடது கையால் அறுத்தாள். வந்ததும் கேட்டார்.

"அருவாளை எந்தக் கையில புடிச்சிருந்தே?"

"சோத்துக் கையிலதான். அது தெரியறதுக்குத்தானே குழாய் வெச்சிருக்கீங்க?"

ஆறு கூட்டுக் கண்ணைச் செருகி, அவளை மறுபடி அனுப்பினார். இப்போது அவள் தலைகீழாகத் தொங்கினாள். அது எந்தக் கை என்று புரிய, அவரும் குனிந்து, தலையைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோக வேண்டியிருந்தது. வலது கை. தலைகீழாகக் காட்டியது கையை மாற்றவில்லை. நேராக நிற்கவைத்தது மாற்றிவிட்டது.

அவரைக் குழப்பியது இதுதான். தவறாகத் தெரிவதை நாம் சந்தேகிக்கிறோம், திருத்திப் படிக்கிறோம். சரியாகத் தெரிவதை என்ன செய்வது? ஆறு கண்களை நம்பாமலே அவற்றிலிருந்து உண்மையை எடுத்துக்கொண்டவர், ஏழாவதை நம்பியதால்தான் ஏமாந்தார். அப்படியானால் குற்றம் கண்ணாடியிலா, நம்பியதிலா, டீக்கடையில் வாய் திறந்ததிலா? இரண்டு நாள் கடையில் பெடலை மாற்றி மாட்டினார். வலதுபக்கத்தது எது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் கவுடரிடம் போனார்.

"அப்ப அறுத்தவன் சோத்துக்கையன்கிறியா?"

"ஆமாங்க."

"ராஜப்பனைத் தவிர மீதி முப்பத்தொம்பது பேரும் சோத்துக்கையனுங்கதான். அத்தனை பேரையும் அனுப்பிட்டு நான் போயி எலை அறுக்கட்டுமா?"

கடைக்கு அழைத்துவந்து பஸ்ஸைக் காட்டினார். கவுடர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். "எழுத்துத்தான்யா திரும்புது. மனுசன் எப்பிடித் திரும்புவான்?" என்றார். நிமிர்ந்து, "தலைகீழாத் தெரிஞ்சதை நம்புங்கறே. நேராத் தெரிஞ்சதை நம்பாதேங்கறே. முதல்ல நீ தெளிஞ்சுட்டு வா" என்றார். திம்மராயன் தெளிந்திருக்கவில்லைதான். போகும்போது கவுடர் திரும்பாமலே சொன்னார்: "அடுத்த புழுவுக்கு ஆள் பத்தலை. வேணும்னா அவனை வரச்சொல்லு."

ஓசூர், கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஊத்தங்கரை பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாமல்பட்டியில் இறங்கினார். ராஜப்பனும் செல்வம்மாளும் தண்டவாளத்தில் சல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னுதுதான் ராஜப்பா. இந்தக் கண்ணு கையை மாத்திக் காட்டுது" என்று முழங்கைக் கண்ணை எடுத்து நீட்டினார்.

ராஜப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அதன்வழியே பார்க்கவில்லை, அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல பாத்தா நான் சோத்துக்கையனுங்களா?"

"ஆமா."

"அடடா. எங்கம்மாகிட்ட இது இருந்திருந்தா அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டேன்." சிரித்தான்.

செல்வம்மாள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்தாள். "ஏனுங்க, இவரு நொட்டாங்கையா இருந்ததால எங்க ஊடு போச்சுங்களா, நீங்க பாத்ததால போச்சுங்களா?"

திம்மராயன் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கவுடரு வரச்சொன்னாரு" என்று மட்டும் சொன்னார்.

"நான் எடுக்கலைன்னு சொன்னாருங்களா?" என்று ராஜப்பன் கேட்டான்.

"ஆள் பத்தலைன்னாரு."

அவன் தண்டவாளத்தைக் காட்டினான். "இங்க சல்லி கொட்டறோம். எந்தக் கையால கொட்டறேன்னு ஒருத்தரும் பாக்கறதில்லீங்க. நாங்க இங்கயே இருந்துக்கறோம்." கண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது, வலது கையால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டான், பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஊருக்கு வந்து, முன்பு சொன்ன அதே டீக்கடையில், சொன்னது தப்பு என்று திம்மராயன் சொன்னார். சிலர் சிரித்தார்கள். "அப்ப இன்னிக்கு மழை வருதா, மேல போவுதா?" என்று ஒருவன் கேட்டான். ராஜப்பன் திருடவில்லை என்பதை எத்தனை பேர் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. இப்போது அவரிடம் யாரும், என்ன பார்த்தாய் என்று கேட்பதில்லை.

அடுத்த மாதம் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தொலைநோக்கி ஒன்று வைத்திருந்த ஓசூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒன்பது கூட்டுக் கண், ஆறு கூட்டுக் கண், இரண்டு கூட்டுக் கண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஆறையும் விஞ்ஞான வாத்தியாரின் மேஜைமேல் வைத்தார். வாத்தியார் ஏழாவதைக் கேட்டார்; பிள்ளைகளுக்கு நேராகத் தெரிந்தால் சௌகரியமாக இருக்குமே என்றார். "அது வேண்டாங்க" என்று பெட்டியை மூடிவிட்டார் திம்மராயன்.

அன்று சாயங்காலம் கடையின் பின்பக்கம் நாராயணம்மா வந்தபோது, முழங்கைக் கண் தொலைநோக்கியில் செருகியிருந்தது. கண்ணாடிக்குச் சூடு ஏறாமல் ஈரத்துணி சுற்றியிருந்தார். பக்கத்தில் கரியடுப்பில், ஈயம் உருக்கி ஒட்டும் பற்றுக்கோல் சிவந்துகொண்டிருந்தது.

"ஒழுங்காக் காட்டினதையெல்லாம் குடுத்துட்டீங்க. பொய் சொன்னதை வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"பொய் சொல்லும்னு தெரிஞ்சவன்கிட்டயே அது இருக்கட்டும்" என்று திம்மராயன் பற்றுக்கோலை எடுத்து, நுனி சுத்தமாக நவச்சாரக் கட்டியில் ஒரு தேய் தேய்த்தார். புகை எழுந்தது. பிறகு, இனிக் கழற்ற முடியாதபடி, குழாயும் கண்ணும் சேரும் இடத்தைச் சுற்றி ஈயத்தை ஓட்டினார்.