படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்

அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை. ராயபுரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். பக்கத்துக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். முந்தின வருடம் என் கட்சிக்காரராக இருந்தவர்.

நான் அப்போது திவால் வழக்குகளை மட்டுமே நடத்தும் வக்கீல். 'மஞ்சக் கடுதாசி வக்கீல்' என்றால் திருவொற்றியூர் வரை தெரியும். இவர் மீன்பிடி விசைப்படகுகளுக்கு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்து நொடித்துப்போனவர். கடன்காரர்களிடமிருந்து அவரை மீட்டுவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"ஏன் மூட்டை தூக்குறீங்க? இன்ஜின் வேலை என்ன ஆச்சு?" என்றேன்.

"சாமான் இல்லாம இன்னா சார் வேலை? ஸ்பேனர் பொட்டியத்தான் கோர்ட்டுல எட்துகினாங்களே. நீங்க குட்த்த லிஸ்ட்டுலயே இருந்திச்சே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திவாலானவரின் தொழில் கருவிகளை, ஒரு மதிப்பு வரை, யாரும் தொடக் கூடாது என்கிறது சட்டம். குமாஸ்தா எழுதிய சொத்துப் பட்டியலில் அந்தப் பெட்டியும் சேர்ந்திருக்கிறது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், திட்டவில்லை.

"வச்சிக்கலாம்னு தெரிஞ்சிருந்தா நானே கேட்டிருப்பேனே சார்."

பெட்டி ஏலத்தில் போய்விட்டிருந்தது. பழைய இரும்புக் கடைகளில் அலைந்தும் கிடைக்கவில்லை. புதிய கருவிகளை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க வூட்டுக்கு வந்துட்டீங்க, சரி. வேற எத்தினி வூட்ல இப்டி நடந்து கீதோ, பாத்தீங்களா சார்?"

பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். இப்படிக் கருவிகளை இழந்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் தேடிப் போனேன். என்னிடம் இருந்த ஜூனியர்களைக் கேட்டால், அந்தச் சட்டப்பிரிவைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி என்றார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். முதலில் சட்டக் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுத்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு முழுநேர ஆசிரியரானேன். "நல்லா நடக்கிற பிராக்டிஸை விட்டுட்டு வாத்தியாரா போறீங்களா?" என்று கேட்ட மாமனார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. நான் அசையவில்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே இந்தத் தவறைச் சொல்லிவிடுவேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெட்கம் பழகிப்போய்விடக் கூடாது என்பதில் இன்றுவரை உறுதியாக இருக்கிறேன்.