ஒரு சொட்டுக்காகச் செபித்த பெரிய வெள்ளி

கோயில் சனமே, கொஞ்சம் வெட்கமான சாட்சி இது. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நானும் சிரித்தேன், ஆனால் பிறகுதான்.

நாயாற்றில் இறால் பிடிக்கிற என் மனுசனுக்குப் பெயர் செபமாலை. அவருக்கு பிறஷர் கூடின வருத்தம். பெரிய வெள்ளியன்று அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி பிடிப்பார். இம்முறை சிலுவைப்பாதையில், கொதிக்கிற வெயிலில் முழங்காலிட்டவர் எழும்பவில்லை. அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை கேட்டா: "ஐயா, பிறஷர் குளிசை எப்ப போட்டனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை தண்ணி குடிக்க ஏலாதெல்லே பிள்ளை. அதால வெள்ளிக்குரிய குளிசையையும் வியாழன் இரவே சேர்த்துப் போட்டனான்."

இரண்டு நாள் குளிசை ஒரே இரவில், அதற்கு மேல் சொட்டுத் தண்ணீரும் இல்லை!

சேலைன் ஏறியது. ஆனால் சிறுநீர் பிடிக்கக் கட்டிலோரம் தொங்கிய சலப் பையில் ஒன்றுமே இல்லை.

டொக்டர் பிள்ளை என்னிடம் சொன்னா: "அம்மா, கிட்னி இரத்தத்தை வடிக்கிறதுக்கு பிறஷர் ஒரு அளவில நிக்கவேணும். ஐயாவுக்கு விழுந்துபோச்சு. இரத்தத்தைத் தள்ள விசை இல்லாட்டி வடியாது, சலமும் வராது. இப்பிடியே கிடந்தால் கிட்னி பழுதாப் போயிரும்."

"அப்ப கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழையோ?"

"ஓம் அம்மா."

"இந்த மனுசனும் அப்பிடித்தான் பிள்ளை."

வாய்தான் பகிடி விட்டது. அவர் இல்லாத வீட்டை நினைக்கவே என்னால் முடியவில்லை. செபமாலை மணிகளை உருட்டினேன், ஒரு மந்திரமும் வரவில்லை. "மாதாவே, உம்முடைய மகனிடம் சொல்லும். பொன் கேட்கவில்லை. ஒரு சொட்டுச் சலம் போதும்" என்று அழுதேன்.

பொழுது சாயும்போது பிறஷர் மெல்ல ஏறியது. குழாயில் மஞ்சளாய் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. நான் கட்டிலடியில் முழங்காலிட்டேன்.

சகோதரங்களே, எங்கள் முதுகுக்குள் கைப்பிடியளவு இரண்டு வடிகள். இதயம் தள்ளத் தள்ள, நாங்கள் நித்திரைகொள்ளும்போதும் அவை இரத்தத்தை வடிக்கின்றன. இத்தனை வயதுவரை அதற்கு நான் ஒரு நன்றி சொன்னதில்லை.

வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பாதர் அவரிடம் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். இப்போது அவர் அந்தந்த நாள் குளிசையைச் சிலுவை போட்டு, தண்ணீரோடு விழுங்குகிறார்.

நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் ஆண்டவருக்கு அற்பமான மன்றாட்டு என்று ஒன்றில்லை.

விடியற்காலையில் அவர் தென்னைக்குப் பின்னால் ஒதுங்கினால் முன்பெல்லாம் ஏசுவேன். இப்போது குசினி அடுப்படியில் நின்றபடி, "தோத்திரம் ஆண்டவரே" என்கிறேன்.