சின்னத் தாடை

பேர் என்னவோ பாதுஷா பேர், ஹுமாயூன். ஆண்டதெல்லாம் எலிகளைத்தான். ராயபுரத்துக்காரரான அவர், ப்ளேக் வராமல் தடுக்கத் துறைமுகத்தில் வைத்திருந்த எலிப் பிரிவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் சேர்ந்தார். கிடங்கிலிருந்து வரும் எலிகள் பாதி அழுகியிருக்கும், பாதி பூனை தின்ற மிச்சமாக இருக்கும். தாடை மட்டும் கெடாது. அதை வெந்நீரில் கழுவி, இது வீட்டெலி, இது பெருச்சாளி, இது மூஞ்சூறு என்று பிரித்து டாக்டரிடம் கொடுக்க வேண்டும்.

மூஞ்சூறுக்கு வரிசையாக ஊசிப்பல். அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். வம்பெல்லாம் மற்ற இரண்டில்தான். வளர்ந்த வீட்டெலியின் தாடையும் பெருச்சாளிக் குட்டியின் தாடையும் ஏறக்குறைய ஒரே நீளம். நீளத்தை நம்பாமல் தடிப்பைப் பார்க்க வேண்டும். மண்ணைத் தோண்டுகிற வாய் என்பதால் குட்டிக்கே எலும்பு தடித்து, முன்பல் அகலமாக இருக்கும்.

ஐம்பத்திரண்டில், மழைக்காலம் தொடங்கும் நேரம். அவர் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் பூனை போட்டுப்போன தாடை ஒன்றை மனைவி சாபிரா உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவர்களுடையது மண்சுவர் வீடு.

"செவுத்துக்கு அடியில ராவெல்லாம் பிராண்டிகினே கீதுங்க. மழ புடிக்கிறதுக்கு முந்தி அக்கா வூட்டுக்குப் போய்டலாமா?"

ஆபீசில் பார்ப்பது போதாதென்று வீட்டிலுமா என்று அவருக்குச் சலிப்பு. தாடை சின்னதாக இருந்தது.

"வூட்டெலிதான். அது கூரையில ஓடும், செவுத்த இன்னா பண்ணும்?"

தாடையை மாடத்தில் போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னால் துறைமுகமே நம்பும். சாபிராவும் நம்பினாள், பாவி மகள்.

அடைமழை பிடித்தது. ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் இருந்தபோது சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சேதி கேட்டு அவர் ஓடி வருவதற்குள், அக்கம்பக்கத்தார் அவளை மண்ணிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து, இடிந்த மண்ணை அள்ளும்போது சுவரின் அடியில் முழங்கை நுழைகிற வளை தெரிந்தது. உள்ளே பெருச்சாளி சேர்த்து வைத்த அரிசி. அவர் எழுந்துபோய் எதிர்ச்சுவர் மாடத்திலிருந்த தாடையை எடுத்தார். பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தடிப்பு விரலுக்கே தெரிந்தது. ஈர மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேலையை விடவும் இல்லை. சில வருஷம் கழித்து டாக்டருக்கு மாற்றலானது. விடைபெறும் நாளில், ஹுமாயூன் பிரித்த தாடைகளில் இத்தனை வருஷத்தில் ஒரு தப்புகூட இல்லை என்று டாக்டர் எல்லார் முன்பும் புகழ்ந்தார்.

ஹுமாயூன் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கீது சார்."

எந்தக் கிடங்கில் என்று டாக்டர் கேட்டார்.

"கெடங்குல இல்ல சார். எங்க வூட்ல."