நிற்கத் தெரிந்த ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் ஓடுகிறவரை சர்வீஸ்காரனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது நின்ற மறுநொடி அவன் செல்போன் அடிக்கும். சோற்றைப் பிசைந்த கையோடு போன் எடுக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பத்திலிருந்து பைக்கில் நான் அதிகம் போய் வந்தது திருவேட்டக்குடிப் பக்கத்து ஐஸ் கம்பெனி ஒன்றுக்குத்தான். முதலாளி காஞ்சனா அக்கா. ஜெனரேட்டர் ஆபரேட்டர் மாரிமுத்து. எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சீராக ஓடும் எஞ்சின் பக்கத்தில் நின்றால் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண ஆரம்பித்துவிடுவேன். ஐஸ் கட்டிகளின் வெள்ளைப் புகையும் கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

சிவப்புக் குமிழ்

"ஸ்டார்ட்டே ஆகலை சார், எஞ்சின் போயிடுச்சு" என்று போனில் மாரிமுத்து அழாத குறை. போகிற வழியெல்லாம் மனதுக்குள் எஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால், பேனலில் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் குமிழ் உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதன்மேல் மாரிமுத்துவின் சாப்பாட்டுப் பை. மாட்டிய வேகத்தில் குமிழ் அமுங்கியிருக்கிறது.

அமுக்கினால் எஞ்சின் நிற்கும். திருகி வெளியே விட்டால்தான் மறுபடி ஓடும். ஆபத்து என்று ஒருவர் அமுக்கியதை, விஷயம் தெரியாத இன்னொருவர் ஓட்டிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதை விளக்கிவிட்டு லேசாகத் திருகினேன். டக்கென்று வெளியே வந்தது. மாரிமுத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை மனக்குறையோடு பார்த்தார். "அமுக்கினா நிக்கும்னு எனக்கும் தெரியும் சார். சமாதானம் பண்ணினாத்தான் எழும்பும்னு யாருமே சொல்லலியே!"

சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. எஞ்சின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிட்டதாம். இப்படி நின்றால், என்ன காரணம் என்று பேனலில் ஒரு விளக்கு சொல்லும். ஆயிலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. அத்தனை விளக்குக்கும் முந்தின நாள் கனமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பேனல் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஆயில் பிரஷர் விளக்கு சந்தனத்துக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. பூஜை போட்ட மெஷினில் கை வைக்கக் கூடாதென்று, மாரிமுத்து ஆயில் அளவு பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். ஆயில் குறைந்தும் நிற்காமல் ஓடியிருந்தால் எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். "விளக்கை மறைச்சுட்டீங்களே அக்கா" என்றேன். காஞ்சனா அக்கா சிரிக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு அதுங்களை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும் தம்பி?"

மூச்சு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற நாள். எல்லாப் படகுக்கும் ஐஸ் வேண்டும். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஐஸ் கட்டிகள் தயாராக இருந்தும் அரைக்கிற மெஷின் ஓட ஜெனரேட்டர் வேண்டும். அதுவோ ஓடுவதும் சூட்டு விளக்கைக் காட்டி நிற்பதுமாக இருந்தது. வாசலில் படகுக்காரர்கள் கூட்டம். அவர்களில் பெரிய படகுக்காரர் சம்பந்தம், வேறு கம்பெனிக்குப் போகிறோம் என்று கத்திக்கொண்டிருந்தார். இன்றைக்குப் போகிறவர்கள் இந்த வருஷம் முழுக்கத் திரும்பி வரமாட்டார்கள் என்பது காஞ்சனா அக்காவுக்குத் தெரியும். புருஷன் போன பிறகு தனி மனுஷியாகக் கட்டிக் காத்த கம்பெனி. கட்டிங் பிளேயரை என் கையில் திணித்தார். "சூடு பாக்குற ஒயரை வெட்டி விடுங்க தம்பி. இன்னிக்கு ஒருநாள் ஓடட்டும்."

வெட்டுவது ஒரு நிமிஷ வேலை, அப்புறம் எவ்வளவு சூடானாலும் எஞ்சின் நிற்காது. ஆனால் எஞ்சின் வெந்துபோனால், இன்றைக்கு மட்டுமல்ல, இந்த சீசனுக்கே ஐஸ் இல்லை. "முடியாதுக்கா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் சரியாக இருந்தது. பெல்ட் சரி, ஃபேன் சரி. எஞ்சின் ஆறட்டும் என்று நின்றபோது சத்தமெல்லாம் அடங்கி, கடல் இரைவது கேட்டது. வழக்கம்போலச் சொக்கிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். எஞ்சினின் சூட்டுக்காற்றை வெளியே தள்ளுகிற பெரிய ஜன்னலில் வானம் தெரியவில்லை. பச்சையாக எதுவோ ஆடிக்கொண்டிருந்தது. கனவா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வலைகள்! ஒன்றன்மேல் ஒன்றாக, ஜன்னலை முழுக்க அடைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"யாரு வலை?" என்று காஞ்சனா அக்கா போட்ட சத்தத்தில் கூட்டம் திரும்பியது. எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவரே ஆள் வைத்து வலைகளை இறக்கினார். எஞ்சின் ஆறும்வரை ஒருவரும் வேறு கம்பெனி என்று வாய் திறக்கவில்லை. பிறகு ஓட்டினோம், விளக்கு எரியவில்லை. சாயங்காலம் வரை ஐஸ் போய்க்கொண்டே இருந்தது. காஞ்சனா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து பிளேயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசிக் கூடையைத் தூக்கிவிடும்போது சம்பந்தம் தலையைச் சொறிந்தார். "நல்லா சூடா காத்து வருதேன்னு வலையக் காயப்போட்டோம் தம்பி. அது மூச்சு விடுற எடம்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

ஆபத்து என்றால் உடனே நின்றுவிடுகிற புத்தி அந்தக் கம்பெனியில் ஜெனரேட்டர் ஒன்றுக்குத்தான் இருந்தது, அதைத்தான் நாங்கள் எல்லோரும் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.