பதினாலு பாயிண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முனகல் கேட்டது, பிறகு அந்த வாசனை வந்தது. மோட்டார் சுருள் கருகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? பெயிண்டும் கருவாடும் ஒன்றாகத் தீய்ந்தமாதிரி இருக்கும், இரண்டு நாளைக்குத் தலைமுடியை விட்டுப் போகாது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள் கையாலேயே மிக்ஸி கருகுவது தனி அவமானம்தான். ஆனால் எனக்கு மிக்ஸி ஞாபகமே வரவில்லை. கலாக்கா ஞாபகம்தான் வந்தது.

என் முதல் வேலை முடிச்சூரில், ஒரு வீட்டு மாடியில். கீழே வெள்ளம் ஏறி இறங்கியதிலிருந்து யாரும் குடிவரவில்லை. பில்டர்களுக்கு அட்டையில் அடுக்குமாடி செய்து, ஜன்னலுக்கு ஜன்னல் குட்டி பல்பு எரியவைப்பதுதான் எங்கள் தொழில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை உத்தரவை அப்பா லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தெருவில் யார் வந்தாலும் அதைக் காட்டாமல் டீ கொடுக்கமாட்டார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போதுதான் ரயில்வே வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சென்டர் பொம்மை ரயில் பாதை கேட்டது. நாலு கட்டில் அகலத்துக்கு மேஜை, அதில் பதினாலு பாயிண்ட். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தைத்தான் பாயிண்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பலகைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மோட்டார், அதில் இரண்டு சுருள். ஒரு சுருளுக்குக் கரண்ட் போனால் பாதை நேரே, மற்றதற்குப் போனால் பக்கவாட்டில். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா நிஜத் தண்டவாளத்தில் ஜல்லி கொட்டும் கான்ட்ராக்ட் கூலி. இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்க எட்டுப் பேரு கடப்பாரை போட்டு நகத்துறத நீ ஒரு விரல்ல நகத்துவியா?"

வயரிங் படம் நான் போட்டேன், வயரை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் வேலை கலாக்காவுக்கு. முடிச்சூர்க்காரர், எட்டாவதோடு நின்றவர், என்னைவிட ஆறேழு வயது பெரியவர். பழைய ஃபிளெக்ஸ் பேனரை மேஜைக்கு அடியில் விரித்து, ஏதோ ஒரு வட்டச் செயலாளரின் சிரித்த முகத்தின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பற்றவைப்பார். ஈயம் சொட்டினால் பெயர் சொல்லித் திட்டுவது அவரைத்தான்.

என் படத்தைப் பார்த்ததுமே கலாக்கா கேட்டார். "இன்னா டிப்ளமோ, தள்ளுற சுவிட்ச் போட்டுகிற? அமுக்கி வுடுற பட்டன் போதுமே."

"பட்டன் போட்டா பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியாதுக்கா. சுவிட்ச்னா பாத்தாலே தெரியும்."

"கரண்ட் பாஞ்சிகினே இருக்குமே, சுருள் சூடாயிடுமே. காலிங் பெல்ல யாராச்சும் அமுக்கிகினே நிப்பாங்களா?"

"நடுவுல வெச்சா ஆஃப்க்கா. மூணு நிலை சுவிட்ச் இது. படத்துல இருக்கு பாருங்க."

"படத்துல கீது. ஆள் மண்டைல இருக்கணுமே," என்றார். பிறகு என் படத்தில் உள்ளபடியே பதினாலையும் பற்றவைத்தார்.

அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, ஏனென்றால் தள்ளிய உடனே நடுவுக்குக் கொண்டுவருவது என் கைக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் என் கையில்தான் இருந்தது, மேஜையில் இல்லை.

சென்டர்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் வயதில் பெரியவர்தான், ஆனால் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளி, ரயிலைத் திருப்பித் திருப்பி ரசித்தார். ஐந்தாறை அப்படியே தள்ளியபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நானும் கூடவே போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியிலிருந்து புகை வந்தது. பிறகு அந்த வாசனை.

அவர்கள் ஆர்டர் வேண்டாம் என்று கிளம்பிய பிறகு ஓனர் சார் கேட்டார்: "டிப்ளமோ படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணாது. கனெக்‌ஷன் குடுத்தது யாரு? கலா, நீதானே?"

கலாக்கா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். "படம் என்னுது சார்." இவ்வளவுதான். நான் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "செக் பண்றேன் சார்," என்றேன்.

"நாளைலேர்ந்து வராதே," என்றார், கலாக்காவிடம்.

வீட்டில் மாட்டியிருந்த அந்த லேமினேட் காகிதத்தைத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நானே பாதிதான் நம்புகிறேன். அடுத்த வாரம் பதினாலுக்கும் பட்டன் போட்டேன். சென்டர்காரர்கள் மனம் மாறி வாங்கிக்கொண்டார்கள். சார் என்னைப் பாராட்டினார், நானும் நன்றி சொன்னேன்.

இப்போது அந்த வீடு இல்லை, அங்கே ஐந்து மாடி எழும்பிவிட்டது. சார் தொழிலை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். சென்டரும் நின்றுபோய், ரயில் மேஜையைப் பிளைவுட் விலைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி.

மிக்ஸி கருகிய மறுநாள், முடிச்சூரில் விசாரித்து கலாக்காவைத் தேடிப் போனேன். மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டில், நீலக் கோட்டு போட்ட ஐம்பது பெண்களோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தயாராக வைத்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன்: படம் என்னுடையது, தப்பு என்னுடையது, சார்கிட்ட அன்றே சொல்லியிருக்கணும்.

"அதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே," என்றார். கோபமே இல்லை. "இன்னொரு எடத்துல வேலை கேட்டப்போ, அவங்க சார்க்குதான் போன் பண்ணாங்க. வயர் கருக்குனவன்னு சொன்னாராம். அப்புறம் யாரும் சால்டரிங் இரும்ப கைல குடுக்கல. இங்க அட்ட டப்பா மடிக்கிறேன்."

"நான் யார்கிட்ட வேணாலும் வந்து சொல்றேன்க்கா."

கலாக்கா ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பஸ் வந்து நின்றது.

"யார்கிட்ட சொல்லுவே? யாரு கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வரிசையில் ஏறிப் போனார்.