நடராஜ் அண்ணாச்சி பார்த்து வாங்கிய ஹெல்மெட்

எங்கள் ஆலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் நடராஜ் அண்ணாச்சிக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. ஆணி டப்பாவைக்கூடத் துடைத்துத்தான் அடுக்குவார். கங்கைகொண்டான் வெயிலில், இரும்புத் தூசி பறக்கிற இடத்தில், அந்த மனிதர் மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்து வெள்ளைச் சட்டையோடே வீட்டுக்குப் போவார். எங்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

போன வருடம் எங்களுக்கெல்லாம் ஹெல்மெட் வாங்க வேண்டி வந்தபோது, பெண் பார்க்கப் போனவர் மாதிரி பாளையங்கோட்டையில் காஜா முகைதீன் கடையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டார். மலிவானதைத் தொடவே இல்லை. உள்பக்கம் தர முத்திரை பார்த்தார். தன் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கி, குனிந்து ஆட்டிப் பார்த்தார்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகணும்லா வே” என்றார் என்னிடம்.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. மனைவி ஆவுடைத்தாயின் ஒரே தம்பி சிவசங்கரனை எங்கள் ஆலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஹெல்மெட்டெல்லாம் பெயிண்ட் தெறித்து, கிரீஸ் அப்பிக் கிடந்தன. அண்ணாச்சிக்குப் பொறுக்குமா? பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மேலே தேங்காய் எண்ணெய் தொட்டு மினுக்கி, சந்தனப் பொட்டு வைத்து அடுக்கினார். சாமிக்கு வைத்த பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? நாங்களும் சந்தோஷமாக எடுத்து மாட்டிக்கொண்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, சாரத்தில் நின்றவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவிச் சிவசங்கரன் தலையில் விழுந்தது. பெரிய உயரம்கூட இல்லை. ஹெல்மெட் அப்பளமாக நொறுங்கியது. ரத்தத்தோடு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“போலிச் சரக்க எங்க தலையில கட்டிட்டீரே பாய், நீரெல்லாம் மனுசனா?” என்று அண்ணாச்சி போனில் காஜா முகைதீனைக் கிழித்தார். அவர் பதறிப்போய் வந்தார். உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலெல்லாம் மயிரிழை போல வெடிப்பு.

“அண்ணாச்சி, இதுல தின்னர் எதுவும் பட்டுச்சா?”

“அழுக்குப் போகத் தொடச்சேன். அதுக்கென்ன?”

“அது பிளாஸ்டிக்க உளுத்துப்போக வச்சிரும். சோப்புத் தண்ணிதான் போடணும். மீதியெல்லாம் எங்கன இருக்கு?”

மீதியெல்லாம் எங்கள் தலையில் இருந்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கடைக்காரர் மேலேயே கிடந்திருக்கும். அண்ணாச்சி ஷெட்டுக்குள் ஓடிவந்தார்.

“கழத்துங்கலே! எல்லாரும் கழத்துங்க! வேலைய நிப்பாட்டு!”

“நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு” என்றேன்.

என் தலையிலிருந்ததைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். நடுவில் பிளந்தது. மூன்று மாதமாக அதை நம்பித்தான் அந்த இரும்புக்கடியில் நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவசங்கரன் இன்னும் கண் திறக்கவில்லை. ஆவுடைத்தாய் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் வெடித்து அழுதார்.

“இதையெல்லாம் ஒரு தொப்பின்னு எந்தம்பி தலையில மாட்ட வச்சானே, அவன் கை வெளங்குமா? அவன் குடும்பம் நாசமாத்தான் போவும்!”

தடுக்க வாயெடுத்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார். மதினி ஏசி ஓயும்வரை நின்று கேட்டார். பிறகு பைய அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னும் ஏசு, தாயி” என்றார். “அது என் கைதான்.”