நூறாவது ஆள்

லெனோரா குபிசெக்கின் அப்பா எங்கள் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். அவள் கிளாரினெட் அருமையாக வாசிப்பாள். பதினோராம் வகுப்பில் அதை விட்டுவிட்டாள். பேண்டு வாத்திய வகுப்பில் முழு மதிப்பெண் எடுத்தாலும், கடினமான பாடங்களில் எடுப்பதைவிட அது குறைவாகவே எண்ணப்படும். தரவரிசை சரிந்துவிடும்.

டெக்சஸில் தரவரிசை என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் நூற்றுக்கு ஆறு பேருக்கு மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. எங்கள் வகுப்பில் சரியாக நூறு பேர். லெனோரா ஆறாவது. நான் கடைசிக்குப் பக்கத்தில்.

"அடுத்த வாரம் படிப்பை விட்டுட்டு எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போறேன்" என்று பள்ளிச் சாப்பாட்டு மேசையில் பெருமையடித்தேன். அதுவரை என்னோடு பேசியே இராத லெனோரா, மறுநாள் காலை பிக்கப் வண்டியோடு எங்கள் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தாள்.

"ஏறுடா கோல்பி. நேரமாச்சு."

"நான்தான் வரலன்னு சொன்னேனே."

"சாசேஜ் பன் சூடா இருக்கு. வர்றியா, நானே திங்கட்டுமா?"

ஏறினேன். தினமும் வந்தாள். வழியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். முடிகூட வெட்டிக்கொண்டேன்.

எங்கள் வகுப்பு ட்ரேஸ்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "என்ன மாப்ள, ஜோரா இருக்க? நீ போனா நாம தொண்ணூத்தொம்பது பேர். அதுல நூத்துக்கு ஆறுன்னா ஆறுக்குக் கொஞ்சம் குறையும். பின்னத்த வெட்டிடுவாங்க, அஞ்சு சீட்டுதான், ஆறாவதா நிக்கிற அவளுக்கு இல்ல. இதுகூடப் புரியல பாரு, அதான் நீ கடைசி!"

அன்று மாலை வண்டியில் கேட்டேன். "உண்மையா?"

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "உண்மைதான். ஜூன்ல வரிசைய முடிவு பண்ற வரைக்கும் இரு. அப்புறம் எங்க வேணா போ."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு. ஆனா பயம் அதவிட அதிகம்டா."

இறங்கி நடந்தேன். ஆனால் மறுநாள் ஹாரன் கேட்டதும் போய் ஏறிக்கொண்டேன். ஏனென்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஜூனில் வரிசை முடிவானபோது ஆறாவதாகவே நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு திறந்த அன்று ஹாரன் சத்தம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பள்ளிப் பேருந்தில் ஏறிப் போனேன். அந்தக் கோபத்திலேயே வருஷத்தையும் முடித்தேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. ரொட்டிக்கடைக் கண்ணாடியில் பல்கலைக்கழகக் கொடியை ஒட்டினார்கள். ஊரே வந்து கைகுலுக்கியது. பட்டமளிப்பு முடிந்து கடைக்குப் போனேன். அவள் பின்பக்கம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினியரிங் குடுக்கலடா. அந்த நூத்துக்கு ஆறு சட்டம் வாசல் வரைக்கும்தான் உள்ள விடும். எந்தத் துறைன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்களாம். என்னை எந்தத் துறையும் இல்லாமத்தான் சேத்திருக்காங்க."

"வீட்டுல சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? கொடி ஒட்டிட்டாங்களே."

"அப்ப போகப் போறதில்லயா?"

"போவேன். முதல் வருஷம் நல்ல மார்க் வாங்கினா எஞ்சினியரிங்குக்கு மாறலாமாம். ஆனா அங்க வர்ற எல்லாருமே அவங்கவங்க ஊர்ல முதல் ஆறுடா."

கால் ஆடுவது நிற்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். யாரோ வாழ்த்த வந்திருந்தார்கள். அவள் எழுந்து, கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு போனாள்.